தேன்மரத்துக்குக் கோடி

பிப்ரவரி 2

விடிந்ததிலிருந்து மழை. வெட்டிய குலைகளெல்லாம் பாதையோரம் குவிந்து கிடக்கின்றன. லாரி உள்ளே வர முடியவில்லை. ஆலையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்துகிறார்கள். செம்பனைக் குலையை வெட்டிப் போட்டுவிட்டுக் காக்கவைத்தால் எண்ணெய் புளித்துப் போகும் என்று எனக்கே பாடம் நடத்துகிறான் ஒரு பொடியன். முப்பது வருடம் மலேசியத் தோட்டங்களில் குப்பை கொட்டியவன் நான். ரிட்டையர் ஆகி வீட்டில் கிடந்தவனைச் சுமத்ராவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர்களும் இவர்கள்தான். "மழையை நிறுத்துற பட்டன் என் ஆபீஸ்ல இல்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மதியம் சோறு போடும்போது இபு ரோஸ்னி வழக்கம்போல் கேட்டாள். இவள்தான் என் குவார்ட்டர்ஸுக்குச் சமைக்கிறவள், தோட்டத்தை ஒட்டிய ஊர்க்காரி. இங்கே பெண்களை இபு என்பார்கள், ஆண்களைப் பாக் என்பார்கள்.

"பாக் சன்னாசி, வீட்டம்மா சுகமா? பேசினீங்களா?"

"சுகந்தான். முட்டி வலிதான் படுத்துது."

"ஐயோ பாவம். மாடிப்படி ஏற வேணாம்னு சொல்லுங்க."

"சொன்னா எங்க கேக்குறா" என்றேன்.

வந்த புதிதில் கேட்டபோது, சுகம் என்று வாய் சொல்லிவிட்டது. ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு அதற்குச் சோறு போட்டு வளர்க்கத்தான் வேண்டும்.

பிப்ரவரி 5

இங்கே தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். சாயங்காலம் ஏறினேன். மகள் புனிதா பிடித்துக்கொண்டாள்.

"பசியாறுனீங்களாப்பா? சரி, ஜூலைல அம்மாவுக்கு வருசத் திதி வருது. இப்பவே லீவு சொல்லி வச்சிருங்க."

"பார்க்கலாம்மா."

"பார்க்கலாம்னா? பதினாறு முடிஞ்ச கையோட பெட்டியைத் தூக்கிட்டுப் போனீங்க. அம்மாவப் பத்திப் பேச்செடுத்தாலே போனை வச்சுடுறீங்க. நான் யாருகிட்டப்பா பேசுறது?"

"அலோ... அலோ... ஒண்ணுமே கேக்கலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றைக்குப் பார்த்துப் போன் தெளிவாகக் கேட்டது.

பிப்ரவரி 7

மழை. ஒண்டியாகச் சீட்டு விளையாடினேன். அதிலும் தோற்றேன்.

பிப்ரவரி 9

பாதை காய்ந்தது. மறுநடவு வேலை தொடங்கியாகிவிட்டது. இந்தப் பகுதி மரங்களுக்கு வயதாகி, குலை வெட்டும் கத்தியைக் கம்பில் கட்டி நீட்டினாலும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. எந்திரத்தால் தள்ளி, துண்டு போட்டு, புதுக் கன்று வைக்க வேண்டும். கன்றுக்கு முதல் எதிரி காண்டாமிருக வண்டு. அது செத்த மரத்துக்குள்தான் முட்டையிடும். அதனால் பட்டமரம் ஒன்றுகூட நிற்கக் கூடாது. இது தோட்டக்காரனுக்கு வேதவாக்கு.

எனக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருப்பவன் ஜுப்ரி. ரோஸ்னியின் ஒரே மகன். தங்கமான பையன். ஆனால் எதற்கெடுத்தாலும் கேள்வி. "பாக், இந்த ஓடையை மூடலாமா? ஊர்ல கேக்கட்டுமா? பாக், அந்தப் பலாவை விட்டுடலாமா?" இன்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உன்னை வேலை வாங்கத்தான் வச்சிருக்கு, பஞ்சாயத்துப் பண்ண இல்ல. சொன்னதைச் செய்" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். முகம் சுண்டிப் போய்விட்டது அவனுக்கு. ஏப்ரலில் கல்யாணம் வைத்திருக்கிறான், ஊர்த்தலைவரின் தம்பி மகளோடு. புதுமாப்பிள்ளையைத் திட்டியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 12

ரோஸ்னி கருவாடு கட்டிக் கொடுத்தாள், என் சம்சாரம் கோமளத்துக்கு அனுப்பச் சொல்லி. "லீவுக்குப் போற யாராவதுகிட்டக் குடுத்து விடுங்க. அவங்களுக்குப் பிடிக்கும்னீங்களே." நான் எப்போது சொன்னேன்? சொல்லியிருப்பேன். அவளுக்குப் பிடிக்கும்தான்.

வாங்கி அலமாரியில் வைத்தேன். வீடெல்லாம் வாடை.

பிப்ரவரி 16

மேற்கு எல்லையில், ஓடைக்கரையில் ஒற்றை மரம். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஆறேழு பேர் வேண்டும். வெள்ளையாக, வழவழவென்று, செம்பனை உச்சிகளையெல்லாம் தாண்டிப் போய் நிற்கிறது. உச்சியில் பேருக்குக்கூட இலை இல்லை.

"ஜுப்ரி, அந்தப் பட்டமரத்தை இன்னைக்கே சாய்க்கச் சொல்லு. வண்டுக்கு அரண்மனை கட்டி வச்ச மாதிரி நிக்குது."

"பாக், அந்த மரம்... ஊர்ல ஒரு வார்த்தை..."

"அதுல இலை இருக்கா?"

"இல்ல பாக். ஆனா இந்தப் பருவத்துல..."

"ஆனா கீனா எல்லாம் வேணாம். போன வாரம்தான சொன்னேன்?"

போய் ஆட்களிடம் சொல்லிவிட்டான். ரம்பம் பிடிக்கும் ஆட்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கென்ன, காட்டினதை அறுப்பார்கள். சாயங்காலம் அது விழுந்தபோது ஆபீஸ் கண்ணாடி அதிர்ந்தது.

போய்ப் பார்த்தேன். அறுத்த இடம் சிவப்பாக, ஈரமாக இருந்தது. கை வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. விழுந்த உச்சிப் பக்கம் நடந்தேன். ஒவ்வொரு கிளை நுனியிலும் பச்சைப் பச்சையாக மொட்டு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தளிர்த்திருக்கும். பட்டமரம் இல்லை அது. இலை உதிர்த்து நின்ற மரம்.

ஜுப்ரியைத் தேடினேன். காணோம்.

பிப்ரவரி 17

ரோஸ்னி சமைக்க வரவில்லை.

பிப்ரவரி 18

ஊரே ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. சத்தமில்லை, கோஷமில்லை. முன்னால் ஊர்த்தலைவர். டத்தோ என்று கூப்பிடுகிறார்கள். நம் நாட்டில் டத்தோ என்றால் பெரிய கார், கோட்டு சூட்டு. இவர் கைலியும் ரப்பர் செருப்புமாக வந்தார். அவர் பேசியதைக் கேட்டு எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது, நின்றேன்.

"அது தேன்மரம், பாக். சியாலாங். வருசா வருசம் மலைத்தேனீ வந்து கூடு கட்டும், இலை உதிர்க்கிறப்ப போயிடும், தளிர் விட்டா திரும்பி வரும். எங்க அப்பா காலத்துல கம்பெனிக்கு நிலத்தைக் குடுத்தோம். மரத்தைக் குடுக்கல. அது இந்த ஊர்ல ஒரு ஆள் மாதிரி."

"செத்த மரம்னு நெனச்சுட்டேன், டத்தோ."

"தெரியும். அறுக்கச் சொன்னது யாரு வாய்?"

"என் வாய்தான்."

"அறுக்கிறவங்ககிட்டப் போய்ச் சொன்னது?"

கூட்டத்தில் ஒருவரும் ஜுப்ரியைப் பார்க்கவில்லை. அவன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

பிப்ரவரி 20

பெரிய மேனேஜர் நகரத்திலிருந்து வந்தார். ஊர் என்ன கேட்டாலும் செய்துவிடச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிட்டார். கம்பெனிக்குப் பிரச்சினை தீர்ந்தது.

ஜுப்ரிக்குத் தீரவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவன் கேட்டால் கடைக்காரருக்குக் காது கேட்பதில்லையாம். பெண் வீட்டார் நிச்சயத்துக்கு வைத்த வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஊர்க்காரனாப் பொறந்தும் வாயை மூடிக்கிட்டுப் போனியே" என்று கேட்டாராம் அந்தப் பெண்ணின் அப்பா.

"ஏண்டா என்னைத் தடுக்கல?" என்று கேட்டேன்.

"தடுத்தேனே பாக்" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 24

ஊர்க்கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தீர்ப்பு இதுதான்: மரத்தை மனுஷரைப்போல அடக்கம் செய்ய வேண்டும். மரத்தின் அடியிலிருந்து நுனிவரைக்கும் வெள்ளைத்துணி. சொன்ன வாய்க்காரன் அடிப்பக்கம் துணியைப் பிடிக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கொண்டு போய்ச் சேர்த்தவன் நுனிவரைக்கும் விரித்துக்கொண்டு போக வேண்டும். பிறகு ஊருக்குச் சோறு. அது முடிந்தால் ஜுப்ரி மேல் குற்றமில்லை, கல்யாணம் குறித்த தேதியில் நடக்கும்.

நம்மில் செத்தவர்களுக்குக் கோடி போடுவதுபோல, இவர்கள் மரத்துக்குப் போடுகிறார்கள். எனக்கு விநோதமாகவே படவில்லை.

முடிகிற நேரத்தில் டத்தோ கேட்டார். "ஒரு கேள்வி பாக், எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். ஒரு வருசத்துக்குள்ள உங்க வீட்ல சாவு உண்டா? வருசம் திரும்பாத வீட்டு ஆள் இந்தத் துணியைத் தொடக் கூடாது. தொட்டா, கூடப் பிடிக்கிறவன் வீட்ல அடுத்த சாவு விழும்."

"இருந்தா?"

"வருசம் திரும்பற வரைக்கும் காத்திருக்கணும்."

அதாவது ஜூலை. ஏப்ரல் கல்யாணம் அம்போ. ரோஸ்னி பெண்கள் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றேன்.

பையனுடைய கல்யாணத்துக்காகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 27

ரோஸ்னி திரும்ப வந்துவிட்டாள். வாய் ஓயவில்லை. துணியை எந்தெந்த வீட்டில் தைக்கிறார்கள், யார் ஆடு கொடுக்கிறார்கள், பெண்ணின் அம்மா இன்று கிணற்றடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் சொன்னாள். பிறகு மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள்.

"வீட்டம்மா முட்டிக்குத் தடவற எண்ணெய், பாக். எங்க பாட்டி வைத்தியம். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கப்போய்தான் எம்மகன் தப்பிச்சான். வேற யாராவதா இருந்தா, வீட்ல சாவு கீவு இருந்திருந்தா, என் ஒத்தைப் பிள்ளைக்கு என்னாகியிருக்கும்?"

கோமளத்துக்கும் முட்டி வலி என்றுதான் தொடங்கியது. சர்க்கரை. பிறகு காலில் புண். பிறகு கால். நான் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 28

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. துணியைத் தொட்டால் சாவு வருமாம். பைத்தியக்காரத்தனம்.

ஆனால் போன தீபாவளிக்கு நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. இங்கே என்னைக் கேட்பதற்கு ஒரு தமிழன் இல்லை, வைத்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வைக்கவில்லை. வருசம் திரும்பாத வீடு என்று எனக்குத் தெரியும். டத்தோ கேட்டபோதும் தெரியும்.

மார்ச் 1

ஜுப்ரி புதுச்சட்டை எடுத்து வந்து காட்டினான். நல்லா இருக்குடா என்றேன்.

மார்ச் 3

காலையிலேயே ஓடைக்கரைக்குப் போய்விட்டோம். மரம் விழுந்த இடத்தில் வானம் திறந்து கிடக்கிறது. சுற்றிலும் எங்கள் செம்பனை, ஒரே உயரம், ஒரே வரிசை. ஊரில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மரத்தின் பக்கத்தில் பாய் விரித்து, அதில் தேன் எடுக்க ஏறின கிழவர்களை உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள்தான் சாவு வீட்டுக்காரர்களாம்.

துணியைக் கொண்டுவந்தார்கள். வீடு வீடாகத் தைத்து ஒன்றாக இணைத்த துணி, பெரிய சுருளாக, இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். ஜுப்ரி குளித்து, தலை வாரி, புதுச்சட்டையோடு நின்றான். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

டத்தோ துணியின் நுனியை என் பக்கம் நீட்டினார். நீட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் கேட்டார். அதுவும் முறையாம். "ஒரு வருசத்துக்குள்ள உங்க வீட்ல சாவு உண்டா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜுப்ரி கையை நீட்டிக்கொண்டு நின்றான். நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அந்தக் கையோடு சேர்த்து இந்தத் துணியைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"உண்டு" என்றேன்.

"யாரு?"

"என் சம்சாரம்."

ஆறேழு மாதமாக இந்த ஊரில் யாரிடமும் சொல்லாதது. மலாயில் சொன்னேன். சொல்லிவிட்டுத் தமிழிலும் ஒரு தடவை சொன்னேன், ஏனென்று தெரியவில்லை.

முதலில் வந்தது ரோஸ்னியின் குரல்தான். "செத்துட்டாங்களா? அப்ப கருவாடு? எண்ணெய்? நேத்துக்கூட முட்டி எப்படி இருக்குன்னு கேட்டேனே, பரவாயில்லன்னீங்களே!" விடுவிடுவென்று என் முன்னால் வந்து நின்றாள். "உசுரோட இருந்த மரத்தைச் செத்துப் போச்சுன்னீங்க. செத்துப் போனவங்களை உசுரோட இருக்காங்கன்னீங்க. என்ன மனுஷன் நீங்க? எம்பிள்ளை இந்தத் துணியைப் பிடிச்சிருப்பானே!"

"அன்னைக்கு ஏன் இல்லைன்னீங்க?" என்று கேட்டார் டத்தோ.

"கல்யாணம் நின்னுடக் கூடாதேன்னு..."

"அதுக்கு முன்னாடி? இந்தம்மாகிட்ட?"

எல்லோரும் காத்திருந்தார்கள். ஓடிவிடலாம் போல இருந்தது.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அவ செத்துட்டான்னு" என்றேன். "பார்க்கிறவனெல்லாம் துக்கம் விசாரிச்சான். இங்க வந்தப்ப இந்தம்மா சுகமான்னு கேட்டுச்சு. சுகம்னுட்டேன். இந்த ஒரு எடத்துலயாவது அவ இருந்துட்டுப் போகட்டும்னு..." கிழட்டு வயதில், ஊர் முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி உதடு கோணிக்கொண்டது.

பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "அப்ப வருசம் திரும்பற வரைக்கும் பார்க்கணும், அண்ணே" என்றார் டத்தோவிடம். ஜுப்ரி நீட்டிய கையைக் கீழே போட்டான். அதைப் பார்த்ததும், பேசாமல் பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது உண்மை.

ரோஸ்னிதான் டத்தோவிடம் போனாள். தரையில் படாமல் டத்தோ பிடித்திருந்த துணி நுனியைத் தன் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அறுக்கச் சொன்னது இவரு வாய். இங்க வந்ததுல இருந்து அந்த வாய்க்குச் சோறு போட்டது என் கை. என் வீட்ல சாவு இல்ல. இந்தக் கை பிடிச்சா ஆகாதா?"

டத்தோ அவளைப் பார்த்தார். பிறகு பாயில் இருந்த கிழவர்களைப் பார்த்தார். அதில் ஒருவர் தலையாட்டினார்.

"ஆகும்" என்றார் டத்தோ.

அம்மா அடிமரத்தில் நின்று பிடிக்க, மகன் சுருளை விரித்துக்கொண்டே போனான். வேர்ப்பக்கம் தொடங்கி, அறுத்த சிவப்பை மூடி, கிளைகளைத் தாண்டி, நுனி மொட்டுகள் வரைக்கும். முடித்துவிட்டு அவன் நிமிர்ந்தபோது, பெண்ணின் அப்பா போய் அவன் கையைப் பிடித்தார். முதல் ஆளாகப் பிடித்தார்.

நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். டத்தோ என் தோளைத் தொட்டுப் பாயைக் காட்டினார். "துணி தொட முடியாதவர், சாவு வீட்டுக்காரரோட உட்காரலாம். உட்காருங்க பாக்."

உட்கார்ந்தேன். மரத்தை அறுக்கச் சொன்னவனே நான். என்னைச் சாவு வீட்டுப் பாயில் உட்காரவைத்தார்கள். பிறகு ஊர் வரிசையில் வந்தது. முதல் கிழவர் கையைப் பிடித்தார்கள், நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் கை. அடுத்து என் கை. "பேர் என்ன, பாக்?" என்று ஒரு பெண் கேட்டாள். கோமளம் என்றேன். "கோமாலாம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்களுக்கும் சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் பேரைச் சொல்லியே கையைப் பிடித்தார்கள்.

கோமளம் செத்த அன்று நான் அழவில்லை. பாடை, கார், சுடுகாட்டுக்காரன் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு அழுதேன். அவமானமாக இல்லை.

மார்ச் 4

ரோஸ்னி வந்தாள். பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரி உருட்டினாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"எப்படி இருப்பாங்க?" என்றாள்.

"யாரு?"

"வேற யாரு? உங்க வீட்டம்மா."

சொன்னேன். குள்ளம், கோபக்காரி, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் என்னைத்தான் திட்டுவாள் என்று சொன்னேன். ரோஸ்னி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சோறு ஆறிப்போனது.

மார்ச் 5

வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே தொட்டி மேட்டுக்கு ஏறினேன். புனிதா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

லீவு கேட்டுவிட்டேன், ஜூலையில் வருகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அது வரவில்லை.

"புனிதா, அம்மா செத்துப் போயிட்டாம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் சாவியோ எதுவோ கீழே வைக்கிற ஓசை கேட்டது.

"ஆமாப்பா" என்றாள். "போயிட்டாங்கப்பா."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம்.